புளியறையிலிருந்து லண்டனுக்கு: ஒரு நீண்ட நாளின் கணக்கு

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகளைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் சேர்க்கைக் கடிதத்தில் தொடங்கிப் பட்டமளிப்பு அங்கியில் முடிந்துவிடுகிறது. நடுவில் ஒரு பயணம் இருக்கிறது, வீட்டுப் படியிலிருந்து விடுதி அறைக் கதவு வரை. ஏறினோம், இறங்கினோம், அதில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். எங்களுக்கு அந்தப் பயணம் 2015 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அதிகாலை இரண்டரை மணிக்குத் தொடங்கித் திங்கள்கிழமை மாலை முடிந்தது. ஞாயிறு நள்ளிரவு வரை முதுகைச் சாய்க்க இடம் கிடைக்கவில்லை என்பதால் எங்கள் கணக்கில் அது ஒரே நாள்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒருத்தி புளியறை, இன்னொருத்தி கடையநல்லூர்ப் பக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலைக்கு ஒரே ஆண்டில் இடம் கிடைத்தது. இரண்டு வீட்டிலும் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நாங்கள்தான். இதில் யாருக்கு எது நடந்தது என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை. பிரித்துப் பார்த்தால் கதை வேறாகிவிடும்.

ஏன் வகுப்பு தொடங்குவதற்கு இரண்டே நாள் முன்பு கிளம்பினோம் என்பதைச் சொல்ல வேண்டும். உதவித்தொகைக்கு ஒப்பந்தப் பத்திரம் வேண்டும், பத்திரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஜாமீன்தாரருக்குச் சொத்து மதிப்புச் சான்று வேண்டும். காலனியில் பாதி வீட்டுக்குப் பட்டாவே கிடையாது. பட்டா இருக்கிற வீடு ரெண்டரை சென்ட். அந்த மதிப்பைக் காட்டினால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சொந்தத்தில் அரசு வேலையில் இருந்த ஒரு மாமாவும், கடையநல்லூரில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பத்திரம் நகர்ந்தது. அது முடிந்து விமானச் சீட்டு எடுத்தபோது விலை இரண்டு மடங்கு. இருந்ததிலேயே மலிவானது திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் போவது. மலிவான சீட்டில் இடைவெளி குறைவு. ஒரு விமானம் இறங்குவதற்கும் அடுத்தது கிளம்புவதற்கும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

புளியறை தெரியாதவர்களுக்கு: செங்கோட்டை தாண்டிக் கேரளம் போகும் சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். சோதனைச்சாவடி இருக்கிற ஊர் என்றால் லாரிக்காரர்களுக்குத் தெரியும். சாவடியைத் தாண்டினால் எஸ் வளைவு, மேலே கோட்டைவாசல், அதற்கப்புறம் ஆரியங்காவு. 1904இல் போட்ட ரயில் பாதை இந்த மலையைக் குடைந்து போகிறது. ஆனால் அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடியவர்கள் முழுமையாகத் திறந்தது 2018இல்தான். எங்கள் பயண நாளில் சாலை ஒன்றே வழி.

குற்றாலச் சாரல் ஓயாத இரவு அது. வாடகைக் கார் சாவடியைக்கூடத் தாண்டவில்லை. எஸ் வளைவில் வைக்கோல் லாரி கவிழ்ந்து கிடக்கிறது என்றார்கள். லாரியை விட இரண்டு மடங்கு உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு அசைந்து போகுமே, அந்த லாரிகளில் ஒன்று. சாலை முழுக்க நனைந்த வைக்கோல். கிரேன் வர விடிந்துவிடும்.

நாங்கள் அழுதோமா என்று நினைவில்லை. எங்கள் தெருவில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. சாவடிப் பக்கம் சுமை இறக்கி ஏற்றிப் பழகிய அண்ணன்மார் நான்கு பேர் பெட்டிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். "சக்கரம் வச்ச பெட்டியத் தலையில தூக்க வச்சிட்டியளே"ன்னு ஒருவர் சிரித்தார். டார்ச் வெளிச்சத்தில், வைக்கோலை மிதித்துக்கொண்டு, லாரிக்கும் பாறைக்கும் நடுவே இருந்த சந்தில் நுழைந்து மேலே ஏறினோம். எங்களுக்கு முன்னும் பின்னும் வேறு பெண்களும் நடந்துகொண்டிருந்தார்கள், தூக்குச்சட்டியோடு. கேரளத் தோட்டங்களுக்குத் தினக்கூலி வேலைக்குப் போகிறவர்கள். வேலை போய்விடக் கூடாது என்று அவர்களும் நடந்தே மலையைக் கடந்தார்கள்.

அந்த ஏற்றத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. எந்தத் திருவிதாங்கூர்? புலையர்கள் பொதுச்சாலையில் நடக்கக் கூடாது என்றிருந்த, அதை மீறி 1893இல் அய்யன்காளி வில்வண்டி கட்டி ஓட்டிய அதே திருவிதாங்கூர். எங்கள் பாட்டிமார் பிறந்தது அந்த அரசின் கீழ். அவர்களுடைய பேத்திகளின் பெட்டி அந்த மலைச்சாலையில் நடுவழியே போயிற்று, அதுவும் தலைச்சுமையாக.

கோட்டைவாசலுக்கு மேலே தோட்டத்துக்கு ஆள் ஏற்ற வந்த ஜீப்பில் அந்தப் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எங்கே போறிய என்று ஒரு அத்தை கேட்டார். லண்டன் என்றோம். "அங்கயும் தோட்ட வேலதானா?" என்றார். கிண்டலில்லை, நிஜமாகத்தான் கேட்டார். தென்மலையில் இறங்கி, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் போகும் பேருந்தைப் பிடித்தோம். விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது பாவாடை ஓரமெல்லாம் வைக்கோல்.

எடை மேடையில் பெட்டி நான்கு கிலோ அதிகம். கூடுதல் எடைக்குக் கேட்ட தொகை எங்களிடம் இல்லை. வரிசைக்கு நடுவே தரையில் பெட்டியைத் திறந்தோம். புழுங்கலரிசி, மல்லிப்பொடி, உளுந்து, செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றிய கருவாடு. பின்னால் நின்ற அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "ஃப்ளைட்ல இதெல்லாமா கொண்டுபோவாங்க" என்று யாரிடமோ சொன்னார். அரிசியையும் உளுந்தையும் அங்கேயே விட்டோம். புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டோம். கருவாட்டை விடவில்லை. அது எங்கள் அம்மா பாவூர்சத்திரம் சந்தையில் வாங்கி வெயிலில் மறுபடி காயவைத்தது.

விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. வளைகுடாவில் இறங்கியபோது அடுத்த விமானம் போய் வெகு நேரமாகிவிட்டது. மறுநாள் காலைதான் அடுத்தது. தவறவிட்டவர்களுக்கு ஓட்டல் அறை உண்டு, ஆனால் ஊருக்குள் போக விசா உள்ளவர்களுக்கு மட்டும். ஐரோப்பியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் வெளியே போனார்கள். நாங்களும் சில மலையாளி நர்சுகளும் வங்காளதேசத் தொழிலாளர்களும் அந்தக் குளிரூட்டிய கூடத்தில் விடிய விடிய நாற்காலியில். நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி, படுக்க முடியாது. யாரோ யோசித்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கைப்பையில் பாபாசாகேபின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' இருந்தது. தலைப்புக்குப் பொருத்தமான இடம்தான் என்று சிரித்துக்கொண்டே எடுத்தோம். முன்பே படித்தது. ஆனால் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டு படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது: அந்தச் சிறு நூலில் வருபவற்றில் பெரும்பகுதி பயணங்கள்.

1901இல் சிறுவன் பீமராவும் அண்ணன் முதலான பிள்ளைகளும் சாதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. எழுதிய கடிதம் அப்பாவின் கைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் நடக்கக்கூடிய சின்னப் பிசகு. வேறு சாதிப் பிள்ளைகளாக இருந்திருந்தால் ஒரு மாட்டுவண்டி பிடித்து அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டி வரவில்லை. கடைசியில் இரட்டை வாடகை. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார். கையில் சோறு இருக்கிறது, தண்ணீர் கிடைக்கவில்லை. இரவு முழுக்கப் பட்டினி. கடிதம் தவறியது விபத்து. தண்ணீர் கிடைக்காதது விபத்தில் சேராது.

அடுத்தது 1917. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போய், பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பை நடுவில் விட்டுத் திரும்புகிறார். முதல் உலகப்போர் நடக்கிறது. அவருடைய புத்தகங்களும் சாமான்களும் வந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கிப்போனது. அதற்கு இழப்பீடாகக் கிடைத்த 600 ரூபாயை வைத்துத்தான் பரோடாவுக்கு வேலையில் சேரப் போகிறார். ரயிலில் இருந்து இறங்கியதும் அவர் முன்னால் நின்ற கேள்வி, எங்கே தங்குவது. இந்து விடுதிகளில் முடியாது. நண்பர்கள் வீட்டுக்குப் போனால் என்ன சொல்வார்களோ. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. மாலைக்குள் காலி செய்ய வேண்டும். ஒரு இந்து நண்பரிடமும் ஒரு கிறிஸ்தவ நண்பரிடமும் போய்க் கேட்கிறார். இருவருமே பக்குவமாகக் கைவிரிக்கிறார்கள். இரவு ஒன்பது மணி ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது. அதை காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்து கழிக்கிறார்.

கொலம்பியாவில் படித்த ஒருவர் பூங்காவில் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து மணி நேரத்தை எங்களுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு நீண்ட பயணம் உண்டு. 1900களின் தொடக்கத்தில் லண்டனுக்கு என்று கிளம்பிய இரட்டைமலை சீனிவாசன் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் தாயகம் திரும்பினார். அவர் லண்டனில் நம் மக்களுக்காகப் பேசியது 1930இல், வட்டமேசை மாநாட்டில், பாபாசாகேபின் பக்கத்தில் இருந்து. எங்கள் ஒரு ராத்திரித் தாமதத்தை அதோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அந்த நாற்காலியில் அது தெம்பு தந்தது.

ஞாயிறு மாலை லண்டன். இரண்டு பெட்டிகளில் ஒன்று வரவில்லை. குடியேற்ற வரிசையில் உதவித்தொகைக் கடிதத்தை ஒருவர் இன்னொருவரிடம் காட்ட, அவர் உள்ளே எடுத்துப்போக, ஒன்றரை மணி நேரம். வெளியே வந்தபோது வடக்கே போகும் கடைசிப் பேருந்து கிளம்பிவிட்டது. முன்பே வாங்கிய சீட்டு செல்லாது. மறுநாள் காலைக்குப் புதுச்சீட்டு இருவருக்கும் 38 பவுண்டு, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,800 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான கூலி நாளைக்கு 183 ரூபாய். அம்மாவின் இருபது நாள் வெயிலை ஜன்னல் கண்ணாடிக்குள் நீட்டினோம்.

பதற்றப்படவில்லை, ஏனென்றால் ஒரு தொலைபேசி எண் இருந்தது. ஊரில் தெரிந்தவர் ஒருவர் வாங்கித் தந்தது, லண்டனில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். இரண்டு வாரம் முன்பு பேசியபோது, "நேரமாச்சுன்னா யோசிக்காம வந்துடுங்கம்மா, நம்ம வீடுதான்" என்றிருந்தார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு மாணவியின் கைபேசியை வாங்கி அழைத்தோம். அந்த அக்கா அன்பாகவே பேசினார். சாப்பிட்டீங்களா என்றார். பேச்சுவாக்கில், "தென்காசில எங்க?" "புளியறைங்க்கா." "புளியறைலயா, அங்க எங்க சித்தப்பா இருந்தாங்களே, எந்தத் தெரு?" சொன்னோம். தெருவின் பெயரில் ஒரு தலைவரின் பெயரும் 'நகர்' என்பதும் இருந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஒரு நிமிஷம்மா, திருப்பிக் கூப்பிடுறேன்." அந்த மாணவி தன் பேருந்தைத் தவறவிடாத அளவு வரை எங்களோடு காத்திருந்தாள். அழைப்பு வரவில்லை. அவள் போகும் முன் நாங்களே மறுபடி கூப்பிட்டபோது வீட்டுக்காரர் எடுத்தார்: திடீரென விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம், அறை இல்லையாம், பக்கத்தில் ஓட்டல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஒருவேளை நிஜமாகவே விருந்தாளி வந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எப்போதும் இருக்கிறார்கள். இந்தச் சந்தேகத்தின் பலனை அவர்களுக்கே கொடுத்துக் கொடுத்துத்தான் நாம் இத்தனை தூரம் வந்திருக்கிறோம்.

நள்ளிரவில் காத்திருப்புக் கூடத்தைப் பூட்டுவார்கள் என்றார் காவலாளி. பதினொன்றரைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையைச் சாத்திக்கொண்டிருந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளையள், தமிழே? இந்த நேரத்தில என்ன இங்க இருக்கிறியள்?" ஈழத்தவர். சின்ன வயதில் திருநெல்வேலிப் பக்கம் அகதி முகாமில் இருந்தவராம். குற்றாலம் என்றதும் முகம் மாறிவிட்டது. ஐந்தருவியில் குளித்த கதையைச் சொன்னார். மனைவிக்குப் பேசினார், இரவுப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு அறை வீடு, மூன்று பிள்ளைகள். பாணும் சம்பலும் தந்து, பிள்ளைகளின் கட்டிலை ஒழித்துக் கொடுத்தார்கள். தெருப் பெயர் கேட்கவில்லை. ஈழத்தமிழரிடம் சாதி இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்துக் கோயில் வாசல்களின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்கவில்லை, அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் பேருந்து, விடுதி, சாவி, முதல் வகுப்பைத் தவறவிட்டது எல்லாம் சாதாரணம். பெட்டி ஒன்பதாம் நாள் வந்தது. உதவித்தொகையின் முதல் தவணை டிசம்பரில் வந்தது.

அதே செப்டம்பரில் பெர்மிளா டிர்க்கி என்ற பெயரைச் செய்தியில் பார்த்தோம். பீகார்ப் பின்னணியுள்ள ஆதிவாசிப் பெண். இங்கிலாந்தில் ஓர் இந்தியக் குடும்பத்தின் வீட்டில் நாலரை ஆண்டு வேலை பார்த்தவர். மணிக்கு 11 பென்ஸ்தான் கூலியாகக் கிடைத்தது, தரையில் படுக்கை. வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் அவருக்கு ஏறக்குறைய 1,84,000 பவுண்டு நிலுவைச் சம்பளம் தரச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு மேல்முறையீட்டில், இன அடிப்படையிலான பாகுபாட்டுக்குள் சாதியும் வர முடியும் என்று அவர் வழக்கில்தான் தீர்ப்பு வந்திருந்தது. சாதியைச் சமத்துவச் சட்டத்தில் நேரடியாக எழுத 2013இல் நாடாளுமன்றம் சொன்னதை 2018இல் பிரிட்டிஷ் அரசு கைவிட்டது. அங்கேயெல்லாம் சாதி இல்லை என்று நம்மிடம் சொல்கிறவர்கள் இந்த நான்கு ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லட்டும்.

இனி உதவித்தொகைகள். 1954-55இல் தொடங்கிய ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் இப்போது ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. நாடு முழுவதற்கும் சேர்த்து. பராமரிப்புத் தொகை பிரிட்டனில் ஆண்டுக்கு 9,900 பவுண்டு. விமானக் கட்டணம், விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. விதிமுறையில் இடைவழிச் செலவுக்கென்று ஒரு வரி இருந்தது: 20 டாலர் வரை. தவறிய பேருந்து, பூட்டிய கூடம், வராத பெட்டி இவற்றுக்கெல்லாம் அரசு போட்ட மதிப்பு அது. 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் தொடர்பான ஆய்வுகளுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை என்று மாற்றினார்கள். எங்களைப் போன்ற சமூகவியல் மாணவர்களை நேராகத் தாக்கியது அது. 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஜூலையில் கடிதம் வராதவர் செப்டம்பரில் எந்த விலைக்குச் சீட்டு எடுப்பார், எத்தனை நிமிட இடைவெளியில் விமானம் மாறுவார் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஜாமீன் சொத்துச் சான்றை எடுத்துவிடுங்கள். கிளம்பும் முன்பே இரண்டு மாதச் செலவைக் கையில் கொடுங்கள். தூதரகங்களில் இரவிலும் எடுக்கிற ஓர் எண் இருக்கட்டும்.

அதுவரை, கிளம்பும் தம்பி தங்கைகளுக்குச் சில சொல்லலாம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்துக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஒன்றை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். இரண்டு இரவுத் தங்கலுக்கான பணத்தை நோட்டாகவே வைத்திருங்கள். கடிதங்கள் எல்லாவற்றிலும் மூன்று நகல், மூன்றும் கைப்பையில். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி உள்ள சீட்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். ஊரில் யாரோ வாங்கித் தரும் 'நம்மாளு' எண்ணை நம்பும் முன், கிளம்புவதற்கு முன்பே தெருப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மறுப்பதானால் வீட்டில் இருக்கும்போதே மறுத்துவிடட்டும். பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் படிக்கும், வேலை பார்க்கும் நம் ஆட்கள் சிலரின் எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். எந்த ஊருக்கு, எந்தத் தேதியில், எந்த விமானத்தில் என்று பத்து நாள் முன்னதாக எழுதினால் போதும். வைக்கோல் லாரி கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் புளியறையில் எங்கள் தெருவையே கேட்டுக்கொள்ளுங்கள்.